கோச்சிங்கை முழுநேரத் தொழிலாக எடுக்கலாமா? மாரத்தான், டிரையத்லான் பயிற்சி கொடுப்பவர்கள் சொல்லுங்கள்

தெப்பக்குளம்_ஓட்டக்காரன் (மதுரை)

வணக்கம். மதுரையில் இருக்கிறேன். ஐடி வேலை, வீட்டிலிருந்தே. வயது 34. சென்னை, கோவை மாரத்தான்கள் ஓடியிருக்கிறேன். கோவா 70.3 (அரை அயர்ன்மேன் டிரையத்லான்: நீச்சல், சைக்கிள், ஓட்டம்) கூட முடித்தாயிற்று. காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடும் கூட்டத்தில் ஒருவர் "எனக்கும் ஒரு ஷெட்யூல் போட்டுக் கொடேன்" என்று கேட்டார். அவரைப் பார்த்து இன்னொருவர் கேட்டார். அப்படியே சேர்ந்து இப்போது 11 பேர். தலைக்கு மாதம் 1,000 ரூபாய். அதில் மூன்று பேர் கொடுப்பதில்லை, நானும் கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க எக்செல்லோடு போய்விடுகிறது. வீட்டில் திட்டு. ஆனாலும் செய்கிற வேலையைவிட இதுதான் பிடித்திருக்கிறது. ஏப்ரலில் போனஸ் வந்ததும் வேலையை விட்டுவிட்டு முழுதாக இறங்கலாமா என்று யோசனை. கட்டணம் எவ்வளவு வைப்பது? சர்டிபிகேட் இல்லாமல் ஆள் வருவார்களா? ஆப் ஏதாவது வாங்க வேண்டுமா? மதுரை மாதிரி ஊரில் இது ஓடுமா? இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் மறைக்காமல் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

ரேஸ்கோர்ஸ்_கோச் (கோவை)

தம்பி, முதலில் ஒன்று. ஏப்ரலில் விடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நம் பக்கம் இந்தத் தொழிலுக்கு வருடம் ஆடியில் பிறந்து தையில் முடிந்துவிடும். கோவா 70.3 அக்டோபர், நவம்பர் வாக்கில். கோவை மாரத்தான் டிசம்பர். சென்னை ஜனவரி தொடக்கம். மும்பை ஜனவரி மூன்றாவது ஞாயிறு. இதற்கெல்லாம் தயாராக ஜூலை, ஆகஸ்டில் ஆட்கள் வருவார்கள், போன் ஓயாது. மும்பை முடிந்த மறுநாள் மெடலைக் கடித்தபடி படம் போடுவார்கள், உங்கள் பெயரைப் போட்டு நீளமாக நன்றி எழுதுவார்கள், பிப்ரவரிப் பணம் வராது. உங்கள்மேல் கோபமெல்லாம் இல்லை. ரேஸ் முடிந்தது, இனி கோச் எதற்கு என்ற நினைப்புதான். அப்புறம் வெயில். மே மாதம் மதுரையில் ஆறரை மணிக்கு மேல் யார் ஓடப் போகிறார்கள்? நீங்கள் வேலையை விட நினைக்கும் மாதம்தான் கல்லா காலியாக இருக்கும் மாதம். சம்பளத்தில் இருந்துகொண்டே ஆகஸ்டில் ஆள் சேருங்கள். ஒரு முழு சீசனின் வரவைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கட்டணத்தை ஊரில் மற்றவர்கள் வாங்குவதைப் பார்த்து வைக்காதீர்கள். உங்கள் நேரத்தை வைத்துப் போடுங்கள். தனிப்பயிற்சியில் ஒரு ஆளுக்கு வாரம் முக்கால் மணி நேரம் போகும்: போன வார ஓட்டங்களைப் பார்க்க, அடுத்த வாரம் எழுத, ஒரு போன் பேச. முப்பது பேர் என்றால் இருபத்திரண்டு மணி நேரத்துக்கு மேல். அதோடு களத்தில் நிற்கும் காலை நேரம், புதிதாக விசாரிப்பவர்களிடம் பேசும் நேரம். முப்பதைத் தாண்டினால் ஒவ்வொருவரின் ஓட்டத்தையும் திறந்து பார்க்க முடியாது, டிக் மட்டும்தான் போடுவீர்கள். அதனால் முப்பதுதான் என் எல்லை.

நான் ஓட்டத்துக்கு 4,000, டிரையத்லானுக்கு 6,000 வாங்குகிறேன். உங்கள் கணக்கை 4,000 வைத்தே போட்டுப் பார்ப்போம். சீசனில் ஏழு மாதம் 30 பேர், மீதி ஐந்து மாதம் 16 பேர் என்றால் வருடத்துக்கு 11,60,000. இதோடு எட்டு மாதத்துக்கு ஒரு குழுப் பயிற்சி, 25 பேர், தலைக்கு 1,500 என்றால் இன்னும் 3,00,000. செலவு, வரி எல்லாம் இதிலிருந்துதான். முப்பது பேர் முதல் வருடமே வந்துவிடவும் மாட்டார்கள். 1,000 ரூபாய்க்கே வைத்திருந்தால் என்ன கிடைக்கும் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், நான் எழுதி உங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுக்கவில்லை.

பணத்தை மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்குங்கள். மாதாமாதம் கேட்டால் மாதாமாதம் "இந்த மாதம் விட்டுவிடலாமா" என்ற யோசனையும் அவருக்கு வரும். மூன்று மாதத்துக்குக் குறைவாக யார் உடம்பிலும் பெரிய மாற்றம் தெரியாது என்பதும் உண்மை.

ரேஸுக்குப் பின் ஆள் நிற்பதுதான் இந்தத் தொழிலில் பெரிய விஷயம். புது ஆளைப் பிடிக்கப் படும் பாட்டில் கால்வாசி போதும், இருக்கிற ஆளை வைத்துக்கொள்ள. நான் டிசம்பரிலேயே அடுத்தது என்ன என்று கேட்டுவிடுவேன். ரேஸ் முடிந்த பின் கேட்டால் "பார்க்கலாம் சார்" என்பார்கள். கால் வலிக்கும்போது யாருக்கும் ஆசை வராது. ரேஸ் முடிந்த மூன்றாம் நாள் போன் போட்டு, பாராட்டோடு நிறுத்தாமல் ரேஸ் ஃபைலை (அவர் வாட்சில் பதிவான விவரத்தை) பிரித்து வைத்துப் பேசுவேன். முப்பதாவது கிலோமீட்டரில் பேஸ் (ஓடும் வேகம்) எங்கே விழுந்தது, எனர்ஜி ஜெல் எப்போது எடுத்தார், அதற்குமுன் எங்கே வேகம் கூட்டினார் என்று அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தில்தான் அவருக்கே அடுத்த ரேஸ் ஞாபகம் வரும்.

அடுத்தது என்றால் மறுபடியும் ஒரு மாரத்தானாகவே இருக்க வேண்டியதில்லை. பிப்ரவரியில் ஆரோவில் ஓட்டம் இருக்கிறது. மண் பாதை, பரிசு கிடையாது, சும்மா ஓடிவிட்டு வரலாம். சைக்கிள் பிடித்தவர்களை பிரெவே (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) பக்கம் திருப்பலாம்: 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில், அப்புறம் 300, 400, 600. நான்கையும் ஒரே சீசனில் முடித்தால் எஸ்.ஆர். (சூப்பர் ராண்டனர்) பட்டம். பிரான்ஸில் நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் சைக்கிள் பயணம் நான்கு வருடத்துக்கு ஒரு முறைதான் வரும், 1,200 கிலோமீட்டர், அதிகபட்சம் 90 மணி நேரம். போன முறை 2023, அடுத்தது 2027. அந்தக் கனவு பிடித்த ஆள் கோடையிலும் போக மாட்டார், ஏனென்றால் அவருக்குக் கோடையிலும் வேலை இருக்கும். காம்ரேட்ஸ் (தென்னாப்பிரிக்காவில் மாரத்தானைவிட நீண்ட ஓட்டம்) ஆசை உள்ளவர்களுக்கு 4 மணி 50 நிமிடத்துக்குள் ஒரு மாரத்தான் முடித்த கணக்கு வேண்டும், ஓட்டம் ஜூன் மாதம். இதெல்லாம் வேண்டாம் என்பவர்களைப் பாதிக்குக் குறைவான கட்டணத்தில் வைத்துக்கொள்கிறேன். வாரம் இரண்டு நாள் வலுப் பயிற்சி, ஒரு சுலப ஓட்டம், மாதம் ஒரு போன். போனவர் போனவராகவே ஆகிவிடாமல் இருக்க இது போதும்.

பயிற்சித் திட்டம் எங்கும் கிடைக்கும். பணம் கொடுப்பது அதைப் பார்த்து மாற்றுவதற்கு. திருப்பூர்க்காரர் ஒருவர், பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். ஞாயிறு லாங் ரன் ஃபைல் வந்தது. முதல் 12 கிலோமீட்டர் இதயத் துடிப்பு 145-க்குள். அதே பேஸில் பதினெட்டாவது கிலோமீட்டரில் 168. குறிப்பில் "சூப்பர் ரன்" என்று எழுதியிருந்தார். அன்று அப்படியொன்றும் வெயில் இல்லை. போன் போட்டேன். சனிக்கிழமை ராத்திரி ஷிப்மென்ட், கன்டெய்னர் ஏற்றி முடிக்க மணி ஒன்று ஆகியிருக்கிறது. படுத்தது இரண்டு, எழுந்தது நாலரை. செவ்வாய்க்கிழமை இன்டர்வலை (வேகமும் ஓய்வும் மாறி மாறி வரும் ஓட்டம்) எடுத்துவிட்டு நாற்பது நிமிடம் மெதுவோட்டம் போட்டேன். அதைவிட முக்கியமாக, அந்த சீசன் முழுக்க ஷிப்மென்ட் தேதிகளை முன்கூட்டியே வாங்கி, அந்த வாரங்களில் லாங் ரன்னைப் புதன்கிழமைக்கு மாற்றிவிட்டேன். அவர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறார்.

சேரும் படிவத்திலேயே இதையெல்லாம் கேளுங்கள். ஷிப்ட் உண்டா, எந்த மாதம் வேலை நெருக்கடி, வீட்டில் கல்யாணம் ஏதாவது வருகிறதா. "மாலை போடுவீர்களா, எந்தத் தேதி?" என்றும் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். வெளியூர் நண்பர் ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்தார். கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டால் பலர் ஷூ போட மாட்டார்கள், சாப்பாடும் மாறும், அதிகாலைக் குளியல், பூஜை, தூக்கம் குறையும். கோவை மாரத்தான் அந்த விரதத்துக்குள்ளேயே வருகிறது, சென்னை அது முடிந்த கையோடு வருகிறது. ஷூ போட்டுக்கொள்ளலாமா என்பது அவரவர் குருசாமி சொல்வது, அதில் கோச் மூக்கை நுழைக்கக் கூடாது. வெறுங்கால் என்றால் தார் ரோட்டில் லாங் ரன்னே கொடுப்பதில்லை. புல் தரையில் குறைந்த தூரம், மீதி சைக்கிள், வலுப் பயிற்சி. முழு மாரத்தானுக்குப் பதில் அரை. மும்பையை இலக்காக வைத்தால் இன்னும் நல்லது, கொஞ்சம் வாரம் கையில் கிடைக்கும். சிலர் தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை கிளம்புவார்கள், மாரத்தான் முடிந்து சில நாளிலேயே. அதையும் பயிற்சி நாட்காட்டியில் எழுதி வைத்துவிடுவேன். ஆப் விற்கிறவனுக்கு இது தெரியாது, நமக்குத் தெரியும்.

சர்டிபிகேட் விஷயம். பாட்டியாலா என்.ஐ.எஸ்.ஸில் (தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம்) ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. டிரையத்லான் போட்டிகள் நடத்தும் அயர்ன்மேன் நிறுவனத்தின் கோச் படிப்பு இணையத்திலேயே முடிக்கலாம். ஏதாவது ஒன்று செய்யுங்கள், ஆள் பிடிக்க என்பதற்காக மட்டும் வேண்டாம். என்னிடம் இதுவரை சர்டிபிகேட் கேட்டவர்கள் பெரும்பாலும் கம்பெனி எச்.ஆர். ஆட்கள்தான். ஓட வருகிறவர் "யாரை ஓட வைத்திருக்கிறீர்கள்" என்றுதான் கேட்பார். ஆனால் ஏன் எண்பது சதவீத ஓட்டம் மெதுவாக இருக்க வேண்டும் என்று ஒரு டாக்டரோ இன்ஜினியரோ குடைந்து கேட்டால் பதில் வேண்டுமே.

ஆப்: பதினைந்து பேர் வரை கூகுள் ஷீட்டும் ஸ்ட்ராவாவும் (ஓட்டத்தைப் பதிந்து பகிரும் ஆப்) போதும். அதற்கு மேல் டிரெயினிங்பீக்ஸ் மாதிரி பயிற்சித் திட்டம் போடும் தளம் ஒன்று. டாலரில் காசு போகும், ஆனால் கார்மின் வாட்சிலிருந்து ஓட்டம் தானாக வந்து விழும், உங்கள் ஞாயிறு மதியம் திரும்பக் கிடைக்கும்.

கடைசியாக, உடம்பு. சேரும்போதே மருத்துவக் கேள்விப் படிவம் கட்டாயம். நெஞ்சுவலி, மயக்கம், வீட்டில் இளவயது மாரடைப்பு, பிரஷர், சுகர். ஏதாவது ஒன்றுக்கு "ஆம்" என்றால் டாக்டர் கையெழுத்து இல்லாமல் ஆரம்பிப்பதில்லை. நாற்பதைத் தாண்டிப் புதிதாக வருபவர் யாராக இருந்தாலும் என்னிடம் டிரெட்மில் டெஸ்ட் ரிப்போர்ட் கொண்டுவர வேண்டும். கொண்டுவர மறுத்தால் ஃபீஸைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கடலில், குளத்தில் நீச்சல் வைத்தால் பக்கத்தில் படகும் உயிர்காக்கும் ஆளும் இல்லாமல் ஒருவரையும் தண்ணீரில் இறக்காதீர்கள். "என் பொறுப்பில் வருகிறேன்" என்று கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் கவனக்குறைவை அந்தக் காகிதம் காப்பாற்றாது.

சும்மா_ஓடு (சென்னை)

4,000 ரூபாயா? 16 வார மாரத்தான் ஷெட்யூல் இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. இப்போது ஏஐயிடம் கேட்டால் பத்து நொடியில் எழுதித் தருகிறது, ஷிப்மென்ட் தேதி சொன்னால் அதற்கும் மாற்றித் தரும். பெசன்ட் நகர் பீச்சில் காலையில் போய் நின்றால் பத்து குழு ஓடுகிறது, எதிலாவது ஒட்டிக்கொள்ளலாம். இது எத்தனை நாள் தாங்கும் தொழில் என்று யோசித்துவிட்டு வேலையை விடுங்கள், பிரதர்.

நைட்_டூட்டி_டாக்டர் (ஈரோடு)

நான் பணம் கொடுக்கும் பக்கம் இருப்பவள், அதனால் சொல்கிறேன்.

இலவச ஷெட்யூலில் ஓடித்தான் முதல் அரை மாரத்தான் முடித்தேன், குறையொன்றும் இல்லை. அப்புறம் ஒரு கோச்சிடம் சேர்ந்தேன். மூன்றாவது வாரம் எனக்கு வந்த ஷீட்டின் மேலே வேறொருவர் பெயர் இருந்தது. சரி, அவசரத்தில் நடந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். கணுக்காலுக்கு மேலே முன் எலும்பில் வலி என்று செய்தி அனுப்பினேன், ஐந்து நாள் பதில் இல்லை. ஆறாவது நாள் "ஐஸ் வையுங்க மேடம், லாங் ரன்னை மட்டும் மிஸ் பண்ணாதீங்க" என்று வந்தது. அன்றோடு விலகிவிட்டேன்.

இப்போது இருப்பவரிடம் சேர்ந்தபோது அவர் கேட்ட முதல் விஷயம் என் டூட்டி சார்ட். நைட் முடிந்து வரும் நாளில் ஓட்டமே கிடையாது, நடைதான். மாதவிடாய் நாட்களில் கடின ஓட்டத்தைத் தள்ளிப் போடும் உரிமையை என்னிடமே விட்டார், ஒவ்வொரு முறையும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆண் கோச்சுகள் இதை முதல் நாளே பேசிவிடுவது நல்லது. நாங்களாக ஆரம்பிக்கச் சங்கடப்படுவோம்.

ஏஐ ஷெட்யூல் எழுதும் என்பது சரிதான். ஆனால் நான் "நல்லா இருக்கேன்" என்று பொய் சொன்னால் அது நம்பிவிடும். என் கோச் நம்ப மாட்டார்.

டாக்டராக ஒன்று: தயவுசெய்து எல்லாருக்கும் "தண்ணி குடி, தண்ணி குடி" என்று சொல்லி அனுப்பாதீர்கள். ஐந்து, ஆறு மணி நேரம் மெதுவாக ஓடுபவர்கள் ஒவ்வொரு ஸ்டாலிலும் நின்று குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி ஆபத்தாகிவிடும். லாங் ரன்னுக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வேர்வை. ஓட்டத்தில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொண்டால் அவரவர் அளவு தெரிந்துவிடும். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் அது நல்ல சேதி இல்லை.

பேரேடு (திருச்சி)

ஆடிட்டர் ஆபீஸில் வேலை, வார இறுதியில் சைக்கிள். சுருக்கமாக.

சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால். லாபத்தைப் பார்க்க மாட்டார்கள், மொத்த வரவைத்தான் பார்ப்பார்கள். ரேஸ் பதிவுக் கட்டணம், ஜெர்சிப் பணம், ஹோட்டல் பணம் எல்லாவற்றையும் உங்கள் கணக்கில் வாங்கிக் கட்டினால் அதுவும் வரவாகத் தெரிந்து வம்பாகும். அவரவரே கட்டட்டும். பதிவு எடுத்தால் 18 சதவீதம். பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தும் விளையாட்டுப் பயிற்சிக்கு உள்ள விலக்கு தனி ஆளுக்குக் கிடையாது, யாராவது இருக்கிறது என்று சொன்னால் நம்பாதீர்கள். மாநகராட்சித் தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை, சின்னத் தொகைதான். கோச்சிங் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, ஒவ்வொரு வரவுக்கும் ரசீது. மளிகைக் கடை ஜிபேயும் கோச்சிங் ஜிபேயும் ஒன்றாகக் கிடந்தால் மார்ச்சில் நாங்கள்தான் அழுகிறோம்.

தெப்பக்குளம்_ஓட்டக்காரன் (மதுரை)

எல்லாருக்கும் நன்றி. ஏப்ரல் யோசனையைத் தள்ளி வைத்துவிட்டேன், வீட்டில் நிம்மதி.

கோச் அண்ணா, இன்னும் இரண்டு. பணம் கொடுக்காத மூன்று பேரும் கூடவே ஓடுகிறவர்கள், ஒருவர் என் மச்சினனின் நண்பர். எப்படிக் கேட்பது? இன்னொருவர், 46 வயது, எடை 94 கிலோ, இதுவரை ஓடியதே இல்லை. ஆகஸ்டில் ஆரம்பித்து ஜனவரியில் சென்னை முழு மாரத்தான் ஓட வேண்டும், எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன் என்கிறார். இங்கே ஒரு குழு "நான்கு மணி நேரத்துக்குள் உறுதி" என்றே போஸ்டர் அடிக்கிறது. நான் முடியாது என்றால் அவர் அங்கே போய்விடுவார்.

ரேஸ்கோர்ஸ்_கோச் (கோவை)

போகட்டும் தம்பி. ஆனால் "முடியாது" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். முதலில் டிரெட்மில் டெஸ்ட். அது சரியாக வந்தால் ஜனவரியில் சென்னையில் 10 கிலோமீட்டர், அடுத்த டிசம்பர் கோவையில் அரை, அதற்கடுத்த ஜனவரியில் முழுசு என்று தேதி போட்டு ஒரே காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். முதல் எட்டு வாரம் நடையும் ஓட்டமும் மாற்றி மாற்றி, பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்துக்கு மேல் ஒரு அடி கூடாது. மூச்சு தாங்கும், 94 கிலோவை முட்டி தாங்குவதற்குத்தான் மாதக்கணக்காகும் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். இப்படி எழுதிக் கொடுத்தால் பலர் அன்றே போய்விடுவார்கள். அதில் சிலர் முட்டியைப் பிடித்துக்கொண்டு மார்ச்சில் திரும்பி வருவார்கள். திட்டாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். கோடையில் ஆள் வேண்டும் அல்லவா?

நேர உறுதி மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். சென்னையில் ஜனவரியிலும் ஒரு வருடம் குளிர்ந்திருக்கும், ஒரு வருடம் ஏழரை மணிக்கே புழுங்கும். புழுக்கத்துக்கு யார் உறுதி கொடுப்பது?

அந்த மூன்று பேர். தனித்தனியாகக் கேட்காதீர்கள், நட்பு கெடும். ஜூலை முதல் தேதியிலிருந்து புதுக் கட்டணம், படிவம், ரசீது என்று 11 பேருக்கும் ஒரே செய்தி அனுப்புங்கள். ஒழுங்காகக் கொடுத்துவந்த எட்டு பேருக்கும் அவரவர் அடுத்த ரேஸ் வரை பழைய 1,000-தான் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள், அது அவர்களுக்கு மரியாதை. மற்ற மூவரில் படிவம் நிரப்பாதவருக்கு ஷெட்யூல் நின்றுவிடும், தெப்பக்குளத்தில் காலையில் சேர்ந்து ஓடுவது நிற்காது. ஓட்டம் இலவசம், ஷெட்யூலுக்குத்தான் காசு என்று புரிந்துகொள்வார்கள். மச்சினன் நண்பர் மட்டும் கொஞ்சம் முறைப்பார். அவரைக் குழுப் பயிற்சிக்கு உதவியாளாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கேன் தூக்கவும், கடைசியில் ஓடி வருபவரோடு கூடவே வரவும் ஒரு ஆள் எப்படியும் தேவைப்படும்.